தபாலில் வரும் தடைசெய்யப்பட்ட சாதனம்: துப்பாக்கி ஒலியடக்கியும் கனடியச் சட்டமும்

(பெற்றோர் – இளையோர் சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கண்டதும், "எங்கள் பிள்ளைகளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் எண்ணியிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். துப்பாக்கிச் சத்தத்துக்குள் வாழ்ந்து, அதிலிருந்து தப்பி வந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் அமர்ந்திருக்கிறார்கள். துப்பாக்கியே இல்லாத ஒரு வீட்டுக்குத் தபாற்பொதியில் வந்து சேரக்கூடிய ஒரு சிறு உலோகக் குழாயைப் பற்றியே நான் இன்று பேசப்போகிறேன்.

துப்பாக்கிக் குழலின் வாய்முனையில் பொருத்தும் துணைக்கருவிகள் சில உள்ளன. வெளிவரும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிப் பின்னுதைப்பைக் குறைப்பது ஒன்று. வாய்முனையில் தோன்றும் தீச்சுடரைத் தணிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கனடியச் சட்டம் தடைசெய்யவில்லை. மூன்றாவதாக உள்ள ஒலியடக்கி, அதாவது பேச்சுவழக்கில் நாம் சைலன்சர் என்பது, முற்றிலும் வேறு கதை. இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய மாக்சிமின் மகனான ஹைரம் பேர்சி மாக்சிம் 1909 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். திரைப்படங்களில் காட்டுவதுபோல அது சத்தத்தை விழுங்கிவிடுவதில்லை. 160 டெசிபெல் அளவிலான வேட்டொலியை ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபெல் வரையே குறைக்கிறது. நோர்வேயில் வேட்டைக்காரர்கள் செவிப் பாதுகாப்புக்காக இதனைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆயினும் நாம் வாழ்வது கனடாவில். இந்நாட்டின் குற்றவியற் சட்டக்கோவையின் 84 ஆம் பிரிவு, துப்பாக்கியின் வேட்டொலியைத் தணிக்கவோ நிறுத்தவோ வடிவமைக்கப்பட்ட, அல்லது அதற்கென எண்ணப்பட்ட, எச்சாதனத்தையும் "தடைசெய்யப்பட்ட சாதனம்" என வரையறுக்கிறது. முறையான துப்பாக்கி உரிமம் பெற்ற வேட்டைக்காரரும் இதனை வைத்திருக்க முடியாது. தனிநபர் விண்ணப்பித்துப் பெறக்கூடிய அனுமதி எதுவும் இதற்கு இல்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது? எல்லைக்கு அப்பாலிருந்து. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 42 இல் பொதுமக்கள் ஒலியடக்கி வைத்திருக்கலாம். வின்சரிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் மிச்சிகனும் அவற்றுள் ஒன்று. பஃபலோ அமைந்துள்ள நியூயோர்க் மாநிலமோ தடைசெய்கிறது. 1934 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 200 டொலர் வரியும் 2026 சனவரி 1 முதல் பூச்சியமாக்கப்பட்டது. பதிவு செய்யும் கடப்பாடு மட்டும் நீடிக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளும் விளம்பரங்களும் பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏற்பத் தயாரானவை. "சட்டபூர்வமானது" என்று அங்கே ஒருவர் சொன்னால், அது அவருடைய மாநிலத்தோடு முடிந்துவிடுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. துப்பாக்கியைத் துப்புரவு செய்யும்போது வழியும் கரைப்பானைச் சேகரிக்கும் குழாய் என்ற பெயரில் சில பொருட்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. உள்ளே கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருக்கும். நடுவில் துளையிட்டால் ஒலியடக்கி. பெயர் எதுவாயினும், கனடிய எல்லைச் சேவைகள் முகமை இவற்றைத் தடைசெய்யப்பட்ட சாதனங்களாகவே கருதுகிறது. "விளையாட்டுத் துப்பாக்கிக்கு அழகாக இருக்குமென்று வாங்கினேன்" என்ற விளக்கம், பொதி பிரிக்கப்படும் மேசையில் எடுபடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இப்போது தண்டனைக்கு வருவோம். அனுமதியின்றி வைத்திருந்தால் 91 ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை. அனுமதியில்லை என்று தெரிந்தே வைத்திருந்தால் 92 ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை. தெரிந்தே நாட்டுக்குள் கொண்டுவந்தால், 2023 டிசெம்பர் 15 இல் அரச ஒப்புதல் பெற்ற திருத்தத்தின் பின் 14 ஆண்டுகள் வரை. முப்பரிமாண அச்சுப்பொறியில் இத்தகையவற்றை உருவாக்கும் கணினிக் கோப்புகளை உற்பத்தி நோக்குடன் வைத்திருப்பதையும் அதே திருத்தம் குற்றமாக்கியது.

முதற் குற்றத்துக்கு நீதிபதி இவ்வளவு கடுமையாகத் தண்டிப்பாரா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் மாட்டார். ஆனால் நம்மில் பலருக்கு ஆபத்து சிறைக்கூடத்தில் இல்லை, குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு, ஒருவருக்கு உண்மையில் கிடைத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. அக்குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனை 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ எனில், நிரந்தர வதிவிட உரிமையாளர் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கலாம். மேலே சொன்ன 92 ஆம் பிரிவு சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறது. இரண்டு வயதில் இங்கு வந்து, தமிழைவிட ஆங்கிலத்தை நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லையெனில் இதுவே விதி.

2013 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் பாம் என்பவரின் வழக்கில், குடிவரவு விளைவுகளை நீதிபதி கருத்திற்கொள்ளலாம் எனக் கூறி, 2 ஆண்டுத் தண்டனையில் ஒரேயொரு நாளைக் குறைத்தது. அந்த ஒரு நாளில்தான் அவரது மேன்முறையீட்டு உரிமை தங்கியிருந்தது. அதே ஆண்டு யூனில் நாடாளுமன்றம் அந்த எல்லையை 6 மாதங்களாகச் சுருக்கியது. 6 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டவர் வெளியேற்ற ஆணைக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவை நாட முடியாது. ஆகவே "குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு விரைவில் முடியும்" என்ற ஆலோசனையை, குடிவரவுச் சட்டம் அறிந்த சட்டவாளரிடம் காட்டாமல் ஏற்காதீர்கள்.

இளையோரே, 12 முதல் 17 வயது வரையானவர்களுக்கு இளையோர் சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் தண்டனை இந்த வெளியேற்ற விதிக்குள் வராது. 18 ஆவது பிறந்தநாளோடு அந்தப் பாதுகாப்பு முடிகிறது.

பெற்றோர்களுக்கு இரண்டு விடயங்கள். வீட்டில் இத்தகைய பொருள் கண்ணில் பட்டால், காரில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். முதலில் சட்டவாளரை அழையுங்கள். காவல்துறை வந்து பெற்றுக்கொள்ளும் ஒழுங்கை அவர் செய்வார். அடுத்தது, குடியுரிமை. 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் இங்கு வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். "பிறகு பார்ப்போம்" என்று படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்கள் இந்தக் கிழமையே அதை வெளியே எடுங்கள். பாரதூரமான குற்றச்சாட்டொன்று நிலுவையில் இருக்கும்போது குடியுரிமை வழங்கப்படமாட்டாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.