பாட்டி வைத்துப்போன கெரோசாங்

கெபாயாச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது. கெரோசாங் என்னும் மூன்று ஊசிகளே அதைச் சேர்த்துப் பிடிக்கின்றன. நீண்ட பாஜுவுக்குரிய மூன்றில் பெரியது தாய், மற்ற இரண்டும் பிள்ளைகள். ஞோஞா மாதர் துக்க காலத்தில் தங்கத்தை விலக்கி, வெள்ளியும் முத்தும் பூண்டனர். மலாக்கா செட்டிப் பெண்களும் கெரோசாங் அணிபவர்களே.

பைராம் தோட்டத்து வீடுகளில் நம் பாட்டி வைத்துப்போனது ஒன்று இருந்தால், பள்ளிச் செலவுக்கென்று அவசரப்பட்டு விற்க வேண்டாம். உருக்குபவருக்கு எடைதான் கணக்கு, வேலைப்பாட்டுக்குக் காசில்லை. தாயையும் பிள்ளைகளையும் பிரித்துப் பங்கிட்டாலும் மதிப்புக் குறையும். (நாங்களே அப்படிப் பிரித்துவிட்டு வருந்தியவர்கள்தாம்!) முதலில் ஜார்ஜ்டவுன் சர்ச் வீதியிலுள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகையில் பழைய நகைகளைப் பார்த்து வருவோம்.

பின்புறம் மூடிய கற்களை நீரில் ஊறவைக்கலாகாது; ஈரம் உள்ளே தங்கி ஒளி மங்கும். மெல்லிய துணியால் துடைத்துத் தனித்தனியே சுற்றி வைப்போம். ஊசி தளர்ந்திருந்தால், அணியுமுன் பத்தரிடம் காட்டுவோம்.