வெறும் வயிறு ஏன்?



1846 அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, அறுவைச் சிகிச்சைக்குப் புது வழி காட்டினார். அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் ஆளைப் பிடித்து அமுக்கிக்கொண்டுதான் அறுத்தார்கள்!

இன்று மயக்க மருந்து டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுபவர் அல்லர். ஆபரேஷன் முடியும்வரை மூச்சையும் நாடியையும் காவல் காப்பவர் அவரே.

அவர் "வெறும் வயிற்றோடு வரவேண்டும்" என்றால், நம் வீட்டில் என்ன நடக்கிறது? "பிள்ளை பசி தாங்குமா?" என்று பாட்டி மறைவாக ஒரு குவளை மிலோ கொடுத்துவிடுகிறார்! பாசம்தான், ஆனால் ஆபத்தான பாசம். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். வீடு திரும்ப வேண்டிய பிள்ளை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் கருவியோடு கிடக்க நேரிடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

பொதுவாக, சோறும் ரொட்டியும் மிலோவும் 6 மணி நேரத்திற்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் எதுவரை என்பதை டாக்டரிடம் கேளுங்கள். தவறிக் கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர் ஏசுவாரே என்று பயப்படாதீர்கள். ஆபரேஷனை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் உயிர் ஒன்றுதான்.