உப்புக் காற்றும் உப்புத்தாளும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவிலிருந்து போன் வந்தபோது, "சார், நீங்க பழைய ரிவால்வர் எல்லாம் பார்த்து மதிப்புச் சொல்றீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க. ஆனா தயவு செஞ்சு எதையும் கையில எடுத்துட்டு வந்துடாதீங்க" என்றார்கள். பயப்பட வேண்டாம். என்னிடம் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. நான் சேர்ப்பது அவற்றின் எண்களையும் முத்திரைகளையும்தான். ஒரு நீள நோட்டில் இதுவரை நாற்பத்தொன்று ஏறியிருக்கின்றன. எங்கள் வீட்டம்மா அதற்கு வைத்த பேர் 'துரு நோட்டு'. முப்பது வருஷம் துருவைத் தடுப்பதற்கே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்று வானூருக்கு வந்தால், மரக்காணம் உப்பளத்துக் காற்று வீட்டு ஜன்னல் கம்பியைக்கூட விட்டு வைப்பதில்லை. விஷயம் என்னைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில், இது என்ன வகைத் துப்பாக்கி? தீபாவளிக்கு நாம் சுட்ட கேப்பு நினைவிருக்கிறதா? சுத்தியால் தட்டினால் 'டப்'. அதே தத்துவம்தான். தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாம் என்று 1807-இல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார், அலெக்சாண்டர் ஃபோர்சைத். பிறகு அந்த மருந்தைச் சின்னச் செப்புத் தொப்பிக்குள் அடைத்தார்கள். அதுதான் கேப்பு. 1836-இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட், சுழலும் உருளையில் ஐந்தாறு அறை வைத்து, ஒவ்வோர் அறைக்குப் பின்னாலும் கேப்பு மாட்ட ஒரு காம்பு வைத்தார். முன்பக்கமாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். பின்னாலிருந்து தோட்டா போடும் உருளைக்கான காப்புரிமை அமெரிக்காவில் 1869-இல் முடிந்தது. அதன் பிறகு கேப்பு ரிவால்வரின் காலமும் முடிந்தது. ஆக, மொத்த ஆட்டமே முப்பது முப்பத்தைந்து வருஷம்தான்.

இந்தக் கணக்குத் தெரிந்தால் பாதிக் கதைகள் வாசலிலேயே நின்று விடும். செஞ்சிப் பக்கம் ஒருவர், "இது தேசிங்கு ராஜா காலத்துது சார்" என்றார். தேசிங்கு இறந்தது 1714. இன்னொருவர் கட்டபொம்மன் என்றார். அவரைத் தூக்கிலிட்டது 1799. கேப்பே பிறக்கவில்லை! எங்கள் வானூருக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி என்பதால் வ.வே.சு. ஐயர், வாஞ்சிநாதன் பெயரும் அடிக்கடி வரும். 1911-இல் மணியாச்சியில் வெடித்தது பிரௌனிங் பிஸ்டல் என்பார்கள். அதற்குச் சுழல் உருளையே இல்லை. கதை சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் நல்ல கதையால் விலை ஏறாது. கதைக்குக் காகிதம் இருந்தால் ஏறும்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால், கெட்டித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். ஈரம் படாமல் இருந்தால் நூற்றைம்பது வருஷம் கழித்தும் அது உயிரோடுதான் இருக்கும். பேரப்பிள்ளை விளையாட்டாகக் குதிரையை இழுத்து விடும் சமாசாரம் அல்ல.

அதற்குப் பிறகுதான் முத்திரை. லண்டன், பர்மிங்காம் இரண்டிலும் துப்பாக்கிக் குழலைச் சோதித்து முத்திரை குத்தும் வழக்கம் பழசு. பெல்ஜியத்து லீயேஜ் நகரத்து முத்திரை ஒரு முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்து: ஈ, எல், ஜி. 1893-இல் அந்த முட்டையின் தலையில் ஒரு கிரீடம் ஏற்றினார்கள். கிரீடம் இல்லையா, அதற்கு முந்தியது. இப்படி ஒரு நெல்மணி அளவு அடையாளம் ஒரு தலைமுறையைச் சொல்லி விடும். கோல்ட் கம்பெனி 1853-இல் லண்டனிலேயே தொழிற்சாலை திறந்து, சில வருஷத்திலேயே மூடி விட்டது. அங்கே செய்த நேவி மாடலில் லண்டன் விலாசம் இருக்கும். குழல், உருளை, சட்டம், விசைக்காப்பு எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் எங்கேயோ ஒட்டுப்போட்டது என்று அர்த்தம்.

கோல்ட்டுக்குப் போட்டி லண்டன்காரர் ராபர்ட் ஆடம்ஸ். 1851 லண்டன் பொருட்காட்சியில் இருவர் சரக்கும் பக்கத்துப் பக்கத்தில் பேசப்பட்டது. கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு வெடிக்கும் கட்டை விரலால் குதிரையை இழுக்க வேண்டும். ஆடம்ஸில் விசையை அழுத்தினால் போதும். 1856-இல் போமாண்ட் என்ற எஞ்சினியர் அதிகாரி இரண்டு வழியையும் ஒன்றாக்கினார். நம் ஊர் வீடுகளில் நான் பார்த்ததில் கோல்ட் குறைவு; ஆடம்ஸ் ஜாதிதான் அதிகம்.

போலியும் உண்டு. 1950-களின் கடைசியிலிருந்து இத்தாலியில் இவற்றை அச்சு அசலாகச் செய்கிறார்கள். அது மோசடியில்லை, சுட்டு விளையாடுபவர்களுக்காகச் செய்வது. 'கருமருந்து மட்டும்' என்று ஆங்கிலத்தில் குத்தியே வரும். அதை அரத்தால் ராவி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழசு என்று விற்பவன்தான் மோசடிக்காரன். அவன் துரு ஒரே சீராக, செங்கல் நிறத்தில் இருக்கும். உண்மையான பழந்துரு கரும்பழுப்பு. கை படும் இடத்தில் தேய்ந்து, காம்பைச் சுற்றி மட்டும் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருக்கும். ஏன் அங்கே மட்டும்? கேப்பு மருந்தில் கலந்த குளோரேட், வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. நம் கறியுப்புக்குப் பங்காளி. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் இரும்பைத் தின்னும். சுட்டவன் அன்றைக்கே வெந்நீரில் கழுவினானா இல்லையா என்பதை இன்றைக்கு அந்தக் குழியைப் பார்த்துச் சொல்லலாம்.

இதை விட்டு விட்டு நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது! பித்தளைக்குப் புளி போடுகிற பழக்கம். வெளிநாட்டில் மதிப்பிடுகிறவர்கள், தொழிற்சாலையில் ஏற்றிய நீலப் பூச்சு எத்தனை சதவீதம் மிச்சம் என்று கேட்டு அதன்மேல்தான் விலையே கட்டுகிறார்கள். 1847-இன் கோல்ட் வாக்கர் என்று ஒரு மாடல், செய்ததே 1,100 சொச்சம். அதில் ஒன்று பெட்டியோடு, ஒரு டேனிஷ் கப்பல் தலைவர் வாங்கிய வரலாற்றோடு 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. பளபளவென்று தேய்த்திருந்தால் போயிருக்காது.

இந்த ஏலச் செய்திதான் ஒரு குடும்பத்தைக் கலக்கியது. மரக்காணத்துக்கு இந்தப் பக்கம், ஒரு காலத்தில் உப்பளம் வைத்திருந்த வீடு. பரணில் தேக்குப் பெட்டி, உள்ளே பச்சைப் பனாத்து, அதில் ஒரு ரிவால்வர். மூத்தவர் செல்போனில் ஏலத்தைப் பார்த்து விட்டு, "கோடி வரும், பங்கு பிரிச்சுக்கலாம்" என்கிறார். சின்னவருக்குப் போலீஸ் பயம். ராத்திரியோடு ராத்திரியாகக் கழுவெளியில் எறிந்து விடலாம் என்கிறார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு மாசம். அம்மாவுக்கு எண்பது வயசு. "தம்பி, நீ படிச்சவன். அது என்னான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. என் புள்ளைங்க ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடணும்" என்று ஆள் விட்டு அனுப்பினார்.

பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து விடாதீர்கள், நானே வருகிறேன் என்றேன். முன்பு அப்படி ஒருவர் மஞ்சள் பையில் கொண்டு வந்து என் உயிரை வாங்கியதுண்டு.

ஐந்து அறை, போமாண்ட்-ஆடம்ஸ் அமைப்பு. மெல்லிய குச்சியை ஒவ்வோர் அறையிலும் விட்டுப் பார்த்தேன். நாலில் அடி வரை போயிற்று. ஐந்தாவதில் பாதியில் நின்றது. கெட்டித்தபடி! கேப்பு மட்டும் இல்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பி விட்டு அதைப் பனாத்தில் திரும்ப வைத்தேன். பின்னால் போலீசுக்குத் தெரிவித்து, தொழில் தெரிந்த ஆளைக்கொண்டுதான் அதை வெளியே எடுத்தார்கள். நீங்கள் யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

குழலில் ஈ-எல்-ஜி முட்டை, கிரீடம் இல்லை. லீயேஜில் செய்தது, 1893-க்கு முந்தியது. மேல்சட்டத்தில் விற்றவர் பெயரோ வாங்கியவர் பெயரோ செதுக்கியிருந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி மாதிரி மின்னியது. "போன பொங்கலுக்கு நல்லா தேச்சு வெச்சேன் சார்" என்றார் மூத்தவர், பெருமையாக. பூதக்கண்ணாடியில் கடைசி எழுத்தின் ஒரு வால் மட்டும் தெரிந்தது. குத்திய எண்ணாக இருந்தால், அழுத்தம் உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். அமிலம் தடவி ஓரளவு மீட்கலாம். செதுக்கிய எழுத்து மேல் தோலோடு போய்விடும். அந்த வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி ஒரு முழம் உப்புத்தாளில் போயிற்று. அவர் முகத்தைப் பார்த்தபோது இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்றிருந்தது. சொன்னேன்.

விலை? அமெரிக்க விலை நமக்கு ஆகாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது, 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1959 ஆயுதச் சட்டம் வேறு இருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. இதுவோ பழுது பார்த்தால் சுடும். 2020-இல் உள்துறை அமைச்சகம் விதியைத் திருத்தி, 'கியூரியோ' வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை, பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் மட்டும் வேண்டும் என்றது. நல்ல திருத்தம். ஆனால் உங்கள் வீட்டுப் பொருள் அந்த வகைதானா என்று தீர்மானிப்பது அதிகாரி. நானும் இல்லை, நீங்களும் இல்லை. கிணற்றில் போடுவதைவிட ஒரு மனு எழுதுவது சுலபம். படம், எண், முத்திரை விவரத்தோடு கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அம்மா கைநாட்டு வைத்தார். ரசீது வாங்கிக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். ஒப்படைக்கும் முன் எண்ணெய் தொட்டுத் துடைத்து மெழுகுத் தாளில் சுற்றினேன். ஸ்டோர் ரூமுக்கும் அதே கடல் காற்றுதானே.

கோடி இல்லை என்றதும் சண்டைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் பெட்டியில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது. இடுக்கி மாதிரி வடிவம். குண்டு அச்சு இருந்த இடம். பெட்டி முழுசாக இருப்பது துப்பாக்கிக்குச் சமமான மதிப்பு என்பதால், எங்கே என்று விசாரித்தேன். சின்னவர் தலையைச் சொறிந்தார். அவர்கள் அப்பா காலத்திலேயே பக்கத்துக் குப்பத்தில் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் என்னோடு வந்தார்கள். அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வலைக்கு ஈயக் குண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், அதே அச்சில்! துடைத்துப் பார்த்தால் '54' என்று குத்தியிருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்துக்கு 54 குண்டு என்ற அளவு. குழலின் அளவும் அதுவே. தினம் கையில் புழங்கியதால் பொட்டுத் துரு இல்லை. நாற்பத்தொன்றில் அவ்வளவு நல்ல நிலையில் நான் பார்த்த இரும்பு அது ஒன்றுதான்.

கேட்டதும் கொடுத்து விட்டார். கொடுத்து விட்டு, "அப்ப நான் வலைக்கு எதுல ஊத்துறது?" என்றார். அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டு, புதுச்சேரியில் புது அச்சு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள்.