ஒரு மா நிலத்தின் கணக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உழவும் தமிழும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். தைத்திங்கள் தோறும் நம் வட்டம் நடத்தும் கவியரங்கில் உழவரைப் பாடாத கவிஞர் இல்லை. உழவரைத் தாய் என்கிறோம், தெய்வம் என்கிறோம். அப்புகழ்மொழிகளுக்கிடையே கேட்கப்படாமலே போகும் வினா ஒன்று உண்டு. சிறு நிலத்தில் நெல் விளைவித்து ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? முடியும் என்றால் எப்போது முடியும்? இன்று அவ்வினாவையே என் உரைக்குப் பொருளாக்கிக்கொள்கிறேன்.

இது பொருளியலார் கேட்க வேண்டிய வினா, புலவர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. திருக்குறளில் 104ஆம் அதிகாரம் உழவு. அதனை அடுத்து வரும் 105ஆம் அதிகாரம் நல்குரவு. உழவைப் போற்றிய கையோடு வறுமையைப் பேசுகிறார் வள்ளுவர். உழவு அதிகாரத்திலும் அவர் வெறும் புகழ்ச்சியோடு நிற்கவில்லை. ஒரு பலப் புழுதி கால் பலமாகுமாறு மண்ணைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்கிறார். அது செலவைக் குறைக்கும் வழி. புகழ்ந்த நாவே கணக்கும் சொல்லியிருக்கிறது.

இதனினும் நேரான சான்று புறநானூற்றின் 184ஆம் பாட்டு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் முறைமையை எடுத்துரைக்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாள் போதும். யானையே தனித்துப் புகுந்து மேய்ந்தால் நூறு வயல்களும் போதா. அதன் வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. அரசனுக்குச் சொன்ன இந்த அறிவுரையில் நம் வினாவுக்கான விடையும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

அவர் சொன்ன 'மா' வழக்கொழிந்த சொல் அன்று. காவிரிப் படுகையில் இன்றும் நிலத்தை மாக்கணக்கில்தான் சொல்கிறார்கள். மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நில அளவு 0.75 எக்டேர். அது ஏறத்தாழ ஐந்தரை மா. அந்த ஐந்தரை மாவில் ஒரு மாவை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

நல்ல பருவத்தில் அந்த ஒரு மா, அறுபது கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை தருவதாகக் கொள்வோம். அது ஆறு குவிண்டால் நெல். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு நடுவண் அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்ந்து 2,500 ரூபாய் ஆயிற்று. ஆகவே வரவு 15,000 ரூபாய். செலவுக்கு, நடுவண் அரசு அவ்விலையை வகுக்கையில் கொண்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். ஆறு குவிண்டாலுக்கு 9,474 ரூபாய். மிஞ்சுவது 5,526 ரூபாய். ஐந்தரை மாவுக்கும் சேர்த்தால் ஒரு போகத்திற்குச் சற்றேறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். செல்வம் என்று இதனைச் சொல்ல முடியாது. ஆயினும் நட்டம் இல்லை. சிறு நிலம் என்பதனாலேயே உழவு கட்டுப்படியாகாது என்னும் பேச்சை இக்கணக்கு ஏற்கவில்லை.

அவ்வாறாயின் உழவர் ஏன் நொடிந்துபோகிறார்? இங்கேதான் யானையின் கால்கள் வருகின்றன.

முதலாவது கால், காத்திருப்பு. குறுவை அறுவடையாகும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதத்துக்கு விதித்த வரம்பு நூற்றுக்குப் பதினேழு. மழையில் அறுத்த நெல் அவ்வரம்புக்குள் அடங்குவதில்லை. வரம்பைத் தளர்த்துமாறு மாநில அரசு கேட்க வேண்டும். நடுவண் அரசு குழுவை அனுப்ப வேண்டும். ஆணை வர வேண்டும். அதுவரை நெல் திறந்த வெளியில் தார்ப்பாயின்கீழ்க் கிடக்கும். கொள்முதல் நிலையத்தின் வாசலில் இரவெல்லாம் நெல்லுக்குக் காவலிருக்கும் தந்தைக்குச் சோறு கொண்டுபோன கதையை என் மாணவியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெல் முளைக்கத் தொடங்குமுன் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம் என்று உழவர் வணிகரிடம் போகிறார். அவர் குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். வரவு 12,000, மிச்சம் 2,526. விலை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் குறைந்ததோ பாதிக்கு மேல். சிறு உழவரின் வாழ்வு அந்த மெல்லிய ஓரத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது கால், நீரின் உறுதியின்மை. மேட்டூர் அணை மரபாகத் திறக்கப்படும் நாள் சூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல் திறந்தது, 2024இல் மீண்டும் தவறிச் சூலை 28இல் திறந்தது. மேற்கண்ட கணக்கு ஒரு போகத்துக்குரியது. குறுவை இல்லையேல் அது ஆண்டுக் கணக்காகிவிடும்.

மூன்றாவது கால், குத்தகை. நியாயக் குத்தகைச் சட்டப்படி விளைவில் கால் பங்கு நிலத்துக்குரியவருக்கு. பத்து மூட்டையில் இரண்டரை மூட்டை போனால், முழு விலை கிடைத்தபோதும், குத்தகைதாரருக்கு மிஞ்சுவது 1,776 ரூபாய். வாய்மொழிக் குத்தகையாக இருந்து, அடங்கலில் அவர் பெயர் ஏறாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதும் அரிது. பயிர் அழிந்தால் இழப்பீடு பெறுவதும் அரிது.

இம்மூன்றையும் தாங்கும் குடும்பம் எதனைக் கொண்டு உண்கிறது? 2018-19ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு விடை கூறுகிறது. இந்திய வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருவாய் 10,218 ரூபாய். அதில் பயிரால் வந்தது 3,798. கூலியால் வந்தது 4,063. உழவர் என்று நாம் பாடுகின்றவர், பயிரைவிடக் கூலியாலேயே மிகுதியாக உண்கிறார். நிலம் அவரைக் காப்பதாகப் பாடுகிறோம். அவருடைய கூலியன்றோ நிலத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது!

மரபு நெல்லுக்குத் திரும்புவது ஒரு வழியன்றோ என்பீர்கள். வழிதான். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் செயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற நூற்றுக்கும் மேற்பட்ட விதைகளை மீட்டுப் பரப்பினார். 2018இல் அவர் மறைந்த பின்னரும் அவ்விதைகள் வயல்களில் இருக்கின்றன. இவற்றுக்கு உரச்செலவு குறைவு. பல ரகங்களில் விளைவும் குறைவு. நெல்லாக விற்காமல் அரிசியாக்கி உண்பவரிடமே நேரே சேர்ப்பவர்க்கு இது கட்டுப்படியாகிறது. வாங்குவோரைத் தேடிக்கொள்ள இயலாதவர்க்குக் கட்டுப்படியாவதில்லை. இங்கும் மிதிபடுவது வயலுக்கும் வாய்க்கும் இடைப்பட்ட தொலைவில்தான்.

மற்றொன்றையும் மறவாது சொல்ல வேண்டும். உழவின் கணக்கு நிலமுடையவரின் கணக்கு மட்டும் அன்று. கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதன் தொடர்ச்சியாக 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்தன. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லும், தஞ்சைச் சேற்றில் உழைப்போரைக் காட்டிய ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்க'ளும் நம் இலக்கியம் அக்கணக்கையும் எழுதியதற்குச் சான்றுகள். செலவைக் குறைப்பது என்னும் பெயரில் கூலியைக் குறைத்துக் கணக்கை நேராக்குவது தீர்வாகாது.

கவிஞர் பெருமக்களே! சிறு நிலத்து நெல் கட்டுப்படியாகுமா என்ற வினாவுக்கு என் விடை இதுதான். ஊட்டும் முறையில் ஊட்டினால் கட்டுப்படியாகும். அறுத்த நெல் நனையாமல் எடைக்குப் போக வேண்டும். உழுகின்றவர் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும். நீர் வரும் நாள் தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் இன்றி விலையை மட்டும் உயர்த்தினால் உயர்ந்த விலையும் காலடியில் போகும்.

இதில் கவிஞர் செய்வதற்கு என்ன உண்டு என்று கேட்பவர்க்குப் புறநானூற்றின் 35ஆம் பாட்டைச் சுட்டுவேன். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடனை விடுவித்துக்கொண்டார் என்று அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. ஒரு பாட்டு நிலவரியைத் தள்ளுபடி செய்வித்தது! உழவரின் சுமையை அறிந்து, அதை இறக்க வல்லவன் முன் நின்று பாடியதால் அது நிகழ்ந்தது. அடுத்த தைத்திங்கள் கவியரங்கில் உழவரை வணங்கும் பாட்டுகளுக்கு நடுவே, கொள்முதல் நிலைய வாசலில் நனையும் நெல்லைப் பாடும் பாட்டு ஒன்றேனும் ஒலிக்குமாயின், நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டு நற்றொடக்கம் பெறும்.