அவள் காதே திருத்தியது

உங்கள் குரலைச் செல்போனில் பதிந்து கேட்டிருக்கிறீர்களா? 'இது என் குரலே இல்லையே' என்று தோன்றும். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. பதிவில் எலும்பு வழி கிடையாது. அடுத்தவர் காதில் நம் குரல் ஏறக்குறைய அப்படித்தான் விழுகிறது.

மொழி படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பதிவு பெரிய உதவி. ஒரு வகுப்பில் பார்த்தேன். ஒரு சிறுமி 'மழை பெய்தது' என்று வாசித்தாள். டீச்சர் திருத்தவில்லை. வாசித்ததைப் பதிந்து, போனை அவள் கையில் கொடுத்தார். கேட்டவள் முகம் மாறியது. "மளைன்னுல்ல கேக்குது டீச்சர்!" டீச்சர் வாசித்த பதிவும் அதே போனில் இருந்தது. அதைக் கேட்டாள். நாக்கை மடித்தாள். மறுபடி பதிந்தாள். நாலாவது தடவை ழகரம் வந்துவிட்டது. அவள் காதே அவளைத் திருத்தியது.

40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆசிரியர் உட்கார முடியுமா? பதிவு செய்ய இன்டர்நெட் வேண்டாம், புதுப் போனும் வேண்டாம். தமிழோ இங்கிலீஷோ, ஒரு பத்தி போதும். பதியட்டும், கேட்கட்டும், மறுபடி பதியட்டும். பக்கத்தில் நின்று தப்பைச் சொல்லிவிடாதீர்கள். அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.