திண்மத்தினூடே நடக்கும் அயன்
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



எந்த நாட்டில் வாழ்ந்தாலும் நம் எல்லோர் கைப்பையிலும் ஓர் இலிதியம் பற்றரி இருக்கிறது. பெரும்பாலும் அதனுள் அயன்களைக் காவிச் செல்வது எளிதில் தீப்பற்றும் சேதனத் திரவமே. பற்றரி பழுதுற்றுச் சூடேறினால் அத்திரவமே எரிபொருளாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு திண்மப் படலத்தை வைக்கலாமா என்பதே நாம் இன்று பேசவந்த விடயம்.

1973இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் பீற்றர் ரைட் குழுவினர், பொலிஎதிலீன் ஒட்சைட்டு என்னும் பல்பகுதியம் கார உலோக உப்புகளுடன் சிக்கற்சேர்வை ஆவதை அறிவித்தனர். சில ஆண்டுகளில் பிரான்சைச் சேர்ந்த மிஷெல் ஆர்மண்ட் இதைப் பற்றரிக்குப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார்.

வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவோரை நாம் பார்த்திருக்கிறோம். பல்பகுதியச் சங்கிலியின் ஒட்சிசன் அணுக்களும் இலிதியம் அயனை அவ்வாறே கைமாற்றுகின்றன. சங்கிலி அசைந்தால்தான் அயன் நகரும். அறை வெப்பநிலையில் சங்கிலிகளில் பெரும்பகுதி பளிங்காக இறுகிவிடுவதால், கடத்துதிறன் திரவத்தினதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் பளிங்கு உருகிய பின்னரே அயன் தாராளமாக ஓடும். 2011 முதல் பாரிசில் வாடகைக்கு ஓடிய புளூகார் மின்கார்களின் பற்றரியைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருந்தது இதனாலேயே.

இளக்கும் திரவத்தைச் சேர்த்தால் அயன் விரைவாக ஓடும். ஆனால் படலம் வலுவிழக்கும். மின்னேற்றும்போது இலிதியம் ஊசிபோல் வளர்ந்து அதைத் துளைத்தால் குறுஞ்சுற்று ஏற்படும். ஆகவே அசைவும் வேண்டும், உறுதியும் வேண்டும்.

இதற்கொரு வழியை உரோமாபுரியில் புரூனோ ஸ்குரொசாட்டி குழுவினர் 1998இல் காட்டினர். தைத்தேனியம் ஈரொட்சைட்டு, அலுமினியம் ஒட்சைட்டு ஆகியவற்றின் நனோத் துணிக்கைகளைக் கலந்தபோது, சங்கிலிகள் மீண்டும் பளிங்காவது தடைப்பட்டு, கடத்துதிறன் உயர்ந்தது. 2002இல் நமது பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுவீடன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அலுமினியம் ஒட்சைட்டுத் துணிக்கையின் மேற்பரப்பிலுள்ள இரசாயனக் கூட்டங்களுக்கேற்பக் கடத்துதிறன் மாறுவதைக் காட்டினர்.

அறை வெப்பநிலையில் திரவத்துக்கு ஈடுகொடுக்கும் பல்பகுதியப் படலத்துக்கான தேடல் இன்னும் தொடர்கிறது. இதற்கு அடிப்படை உயர்தர வகுப்பில் நாம் படித்த பிணைப்பும் உப்பும் கரைசலுமே. நமது ஆய்வுகூடத்தில் இன்று நிற்கும் தங்கைமாருக்கு இவ்வேலையில் இடமுண்டு. பேராதனை வரை அவர்களை அனுப்பிவைக்கும் பொறுப்பு, எங்கிருந்தாலும் நம்முடையது.