நாடா மங்குமுன் நல்ல பதிவு

பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்துவிட்டன. அந்தக் காலத் தாத்தா பாட்டியின் முகமும் குரலும் கல்யாண வீடியோ நாடாவில்தான் மிஞ்சியிருக்கின்றன. நாடாவை ஓட்டும் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019-இல் ஓய்ந்தது. பழைய டிவி கார்டுக்கு இன்றுள்ள நல்ல வேலை, நாடாவைக் கணினியில் ஏற்றுவதே.

எந்த மென்பொருள் நல்லது? பதியும்போதே படத்தைச் சுருக்குவது வேண்டாம். சுருக்கத்தில் போன நுணுக்கம் திரும்பாது. இலவச வெர்ச்சுவல்டப்பில், தரம் குறைக்காத ஹஃப்ஒய்யுவி முறையில், 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 படமாகப் பதியலாம். படம் விடுபட்டால் அதுவே எண்ணிக் காட்டும். மணிக்குச் சுமார் 30 முதல் 40 ஜிபி பிடிக்கும். வட்டு கடையில் கிடைக்கும். பாட்டியின் குரல் கிடைக்குமா?